“நடக்கறாங்களா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் பழப்பையைக் கொடுத்த கையோடு கேட்கும் முதல் கேள்வி, “நடக்கறாங்களா?” என்பதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டால் போதும். “பரவாயில்ல, சாமி புண்ணியம், தேறிட்டாங்க” என்று முடித்துவிடுவார்கள். கை என்ன ஆயிற்று என்று கேட்பவர் அபூர்வம். அதிலும் விழுந்தது இடது கை என்றால் பேச்சே கிடையாது. “சாப்பிடற கை நல்லாருக்கே, அப்புறம் என்ன?”

என் மாமியாருக்கு விழுந்தது இடது பக்கம்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு கறவை மாடு, கொஞ்சம் மாமரம், தை பிறந்தால் பங்குனி முடிய புளி வேலை. அத்தை புளி தட்டுவதில் கெட்டிக்காரர். இடது கையால் பழத்தைக் கல்லின்மேல் புரட்டிப் பிடிக்க, வலது கை சுத்தியல் ஒரே தட்டில் கொட்டையைப் பிதுக்கிவிடும். கூலிக்கு வரும் சின்னப் பெண்கள் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பார்ப்பவர் கண்ணுக்குச் சுத்தியல் பிடித்த கைதான் தெரியும். விரல் நசுங்காமல் பழத்தைத் திருப்பிக் கொடுக்கும் இடது கைக்குத்தான் அதில் பாதி வேலை.

மருத்துவமனைக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். விடிகாலையில் எழுந்தபோதே கை தூக்க வரவில்லை. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு, ஆனால் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஸ்கேன், மாத்திரை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று நாட்கள் ஓடின. வீட்டுக்கு அனுப்பும்போது ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒருவர் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தையின் இடது கை அப்போது மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது.

கால் மட்டும் திரும்ப வருகிறதே, கை ஏன் வருவதில்லை என்று நிறையப் பேர் கேட்பார்கள். மூளையில் அடிபட்ட இடம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நடக்க வேண்டுமென்றால் விழுந்த காலையும் ஊன்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கைக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. நல்ல கை ஒன்றே டம்ளரைத் தூக்கும், கதவைத் திறக்கும், செல்போனைத் தட்டும். மிச்சத்துக்கு மருமகள் இருக்கிறாள். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளை வைத்து இதைக் கவனித்தார். உணர்வு அற்றுப்போன கையைக் குரங்கு கொஞ்ச நாள் அசைத்துப் பார்க்கிறது, தோற்றுப்போகிறது, பிறகு அந்தக் கை இருப்பதையே விட்டுவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டால் திரும்பவும் அந்தக் கையை எடுக்கிறது. பயன்படுத்தாமல் இருக்கவும் உடம்பு பழகிக்கொள்கிறது என்பதுதான் அவர் கண்டது.

மனிதர்களுக்கும் இதைச் செய்து பார்த்தார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையால் வேலை செய்யவைத்தார்கள். பலன் இருந்தது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிர்கிறவர்களுக்குத்தான் இந்த வைத்தியம். முழுக்க விழுந்த கையை வைத்துக்கொண்டு நல்ல கையையும் கட்டிப்போட்டால் அது சித்திரவதை. யாராவது இதைப் படித்துவிட்டு அப்பாவின் கையைத் துண்டால் கட்டிவிடப் போகிறார்களே என்றுதான் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அத்தையின் கையைக் கெடுக்கப் பார்த்தது பாசம்தான். டம்ளரை வாயருகே கொண்டுபோனோம், தலை சீவிவிட்டோம், புடவையைக் கட்டிவிட்டோம். பேரன்கூட “ஆயா, நான் எடுத்துத் தரேன்” என்று ஓடிவருவான்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் டவுனுக்கு வரச்சொன்னார்கள். சொல்வது எளிது. அத்தையை ஆட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் வேலைக்கு மட்டம் போட வேண்டும். அங்கே காத்திருந்து, கரண்ட் வைத்து, கையை நாலு முறை தூக்கிவிட்டுத் திரும்பினால் சாயங்காலம் மாடு கத்திக்கொண்டிருக்கும். அந்தக் களைப்பில் வீட்டில் எந்தப் பயிற்சியும் நடக்காது. சில வாரம் போனோம், அப்புறம் தானாக நின்றது. ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார்தான் வீடியோ காலில் பயிற்சி சொல்லித்தரும் ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடிப் பிடித்தார். சேலத்துப் பெண். முதல்முறை நேரில் பார்க்காமல் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கறார்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவைத்தது. தோள் மூட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது, முழங்கையை நீட்டினால் எவ்வளவு இறுக்கம், தொட்டால் எங்கெல்லாம் தெரிகிறது, உட்கார்ந்தால் சாய்கிறாரா என்று எல்லாம் கை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகுதான் போன்.

முதல் சில அழைப்புகளில் அவர் அத்தையைப் பயிற்றுவித்ததைவிட என்னைப் பயிற்றுவித்ததுதான் அதிகம். போனை எங்கே வைப்பது என்பதே ஒரு பாடம். நான் முகத்துக்கு நேராக வைப்பேன், கூச்சத்தில் அத்தை சிரிப்பார். “முகம் வேணாம்மா, பக்கவாட்டுல வைங்க, எனக்கு முதுகு தெரியணும்” என்பார். கேழ்வரகு டப்பாவில் சாய்த்து, கீழே ஒரு செங்கல் கொடுத்து, கடைசியில் ஒரு கோணம் அமைந்தது. எதற்கு முதுகு என்று பிறகுதான் விளங்கியது. மேசைமேல் இருக்கும் சொம்பைத் தொடச் சொன்னால் அத்தை தொட்டுவிடுவார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்காது. அங்கிருந்து குரல் வரும்: “அம்மா, கை போகல. நீங்க போறீங்க.” உண்மைதான். முழங்கை மடங்கினபடியே இருக்க, தோளைக் காதுவரை தூக்கி, உடம்பை முன்னே சாய்த்துத்தான் சொம்பைத் தொட்டிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே கொடுத்து நாற்காலி முதுகோடு கட்டினோம், மூச்சு முட்டாத அளவுக்கு. உடம்பு சாய முடியாது என்றதும் முழங்கைக்கு நீள்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. சொம்பு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு சாண்கூட இல்லை. அத்தைக்கு அது அவமானமாக இருந்தது. “முன்னாடி தொட்டேனே” என்று கோபித்துக்கொண்டார்.

பொருட்களெல்லாம் வீட்டுப் பொருட்கள்தான். முதலில் விரலே அசையாத காலத்தில், மேசையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளுவது. பிறகு மக்காச்சோளக் கதிரைப் பிடித்துத் தூக்குவது. கடைசியாகத்தான் புளியங்கொட்டை வந்தது. தட்டில் கிடக்கும் கொட்டையை எடுத்து எவர்சில்வர் சொம்பில் போட வேண்டும். எடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை, விடுவதுதான் கஷ்டம். பக்கவாதத்தில் விரல் மடக்கும் தசை இறுகிக்கொள்ளும், விரிப்பதற்கு ஆள் இல்லை. கொட்டை சொம்புக்கு மேலே வந்து நின்றுவிடும், அத்தை விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சில சமயம் மணிக்கட்டை லேசாகக் கீழே மடக்கினால் விரல் தானாக அவிழும், கொட்டை ‘டங்’ என்று விழும்.

எங்கள் பக்கம் சிக்னல் வரும், போகும். மழை வந்தால் போயே போய்விடும். படம் உறைந்து நின்றாலும் சத்தம் மட்டும் எப்படியோ போய்க்கொண்டிருக்கும். பிசியோ அந்த ‘டங்’கை வைத்தே எண்ணிக்கொண்டிருப்பார். “இப்ப ரொம்ப நேரம் ஆச்சே, களைச்சுட்டாங்களா? அஞ்சு நிமிஷம் விடுங்க” என்று படமே இல்லாமல் சரியாகச் சொல்வார்.

எத்தனை தடவை செய்ய வேண்டும் என்ற கேள்வியில்தான் எனக்கு இந்த முறையின் அருமை தெரிந்தது. வட அமெரிக்காவில் பயிற்சி மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒரு ஆய்வு 2009-இல் வந்தது. கைப் பயிற்சி நேரம் ஒன்றில், ஒரு வேலையை நோக்கமாகக் கொண்டு கையை அசைப்பது சராசரியாக 32 முறைதான். மூளை தன்னை மாற்றிக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைத்திருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் ஆட்டோ பிடித்துப் போய் இந்தக் கணக்கை எட்ட முடியாது. காலை மாட்டு வேலை முடிந்து கொஞ்சம், மத்தியானம் சீரியலுக்கு முன்னால் கொஞ்சம், சாயங்காலம் பேரன் பள்ளி விட்டு வந்ததும் கொஞ்சம் என்று பிரித்தால் எட்டலாம். பேரன் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வான். ஏமாற்ற விடமாட்டான்.

வீட்டிலிருந்தே செய்தால் மையத்துக்குப் போவதைப் போலப் பலன் இருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஸ்டீவன் கிரேமர் என்ற நரம்பியல் மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் 11 இடங்களில் 124 பேரை வைத்து நடந்தது, 2019-இல் வெளியானது. ஒரு பாதிக்கு மையத்தில் பயிற்சி, இன்னொரு பாதிக்கு வீட்டில் கணினி வழியாக. இரு தரப்புக்கும் 70 நிமிட அமர்வுகள் 36. அதில் பாதி சிகிச்சையாளர் பார்க்க, மீதி அவர்களே செய்துகொள்வது. கை அசைவுக்கு 66 மதிப்பெண் கொண்ட ஃபூகல்-மேயர் என்ற அளவுகோல் உண்டு. மையத்துக்குப் போனவர்கள் சராசரியாக 8.36 ஏறினார்கள், வீட்டில் செய்தவர்கள் 7.86. வித்தியாசம் பேருக்குத்தான். ஆனால் அவர்களுக்குக் கருவிகள், விளையாட்டுகள், இணைய இணைப்பு எல்லாமே கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேழ்வரகு டப்பாவில் சாய்த்த போன் அல்ல அது.

இதற்கு எதிர்ப்பக்கம் நம் நாட்டு ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2017-இல் லான்செட்டில் வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரே செய்யவைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ எந்த வித்தியாசமும் இல்லை. அது கைக்கான தனி ஆய்வு இல்லைதான். இருந்தாலும் ஒரு மருமகளாக எனக்கு அந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் வீட்டார் செய்வார்கள், தப்பாகவும் செய்வார்கள், பிறகு அலுத்து விட்டுவிடுவார்கள். சொம்பை எப்போது ஒரு விரக்கடை தள்ளி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். தொலைவிலிருந்து தரும் பயிற்சியில் நாம் காசு கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான். பயிற்சிகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அந்தக் கண் வீட்டைப் பார்க்கிறது என்பது இன்னொரு லாபம். ஒரு நாள் பிசியோ கேட்டார்: “அம்மா, இந்தக் கையால திரும்ப என்ன செய்யணும்னு ஆசை?” புளி தட்டணும் என்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அத்தை பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரையும் பேரனையும் வெளியே போகச் சொன்னார். அப்புறம் போன் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில், “வெளிய போனா நானே கழுவிக்கணும் கண்ணு” என்றார்.

நாங்கள் ஒருவரும் யோசிக்காத விஷயம். இடது கை விழுந்தால் நம் ஊரில் நடப்பது இதுதான். ஒன்று, சாப்பிடும் கையாலேயே கழுவ வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் கழுவிவிட வேண்டும். அத்தைக்கு நான்தான் செய்துகொண்டிருந்தேன், அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ராத்திரியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது அதனால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “சாப்பிடற கை நல்லாருக்கே” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்கும் வெளிநாட்டுக் கேள்வித் தாள்களிலும் இந்த விஷயம் இந்த அர்த்தத்தில் இருக்க வாய்ப்பில்லை.

பிசியோ கொஞ்சமும் தயங்கவில்லை. அன்றே பயிற்சியை மாற்றினார். சாய்மானம் இல்லாத முக்காலியில் அத்தை உட்கார வேண்டும், விழாமல் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். இடுப்பில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுவேன். இடது கையால் அதை இழுத்து எடுக்க வேண்டும். முதலில் வயிற்றுப் பக்கம், பிறகு விலா, பிறகு பின்னிடுப்பு. கைக்குட்டை பின்னால் நகர நகரத் தோள் திரும்ப வேண்டும், மணிக்கட்டு வளைய வேண்டும், உடம்பு ஒரு பக்கம் பாரம் மாற்றி நிற்க வேண்டும். கழிப்பறைக்கு ஒரு உயர நாற்காலியும் கைப்பிடிக் கம்பியும் வைக்கச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சும் குழாயை வலப்பக்கம் மாட்டினோம், இடது கைக்கு ஒரு வேலை குறைந்தது. சொம்புக்குக் கோபித்துக்கொண்ட அத்தை கைக்குட்டைக்கு ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. யாரும் சொல்லாமலே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

எல்லாப் பயிற்சியும் இப்படிப் போனதில்லை. கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று. விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தால் கண்ணாடியில் இரண்டு கையும் அசைவது போலத் தெரியும். கை இழந்தவர்களின் மாய வலிக்காக இதை முதலில் செய்து காட்டியவர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பக்கவாதத்துக்கும் துணைப் பயிற்சியாகப் பலன் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அத்தை பார்த்துவிட்டு, “யாரை ஏமாத்தற?” என்று கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டார். அதோடு சரி.

போன் வழியாக ஆகாத காரியங்களும் உண்டு. இறுக்கத்தைத் தொட்டுத்தான் பார்க்க முடியும். தோள் வலி வந்தால் எதனால் என்று படத்தில் தெரியாது. எங்கள் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வசதி, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வரும், தேவைப்பட்டவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் வருவார். அப்படி வந்தவர் அத்தையின் தோளைத் தொட்டுப் பார்த்து, படுக்கும்போது கைக்கடியில் தலையணை போதவில்லை என்றார். அன்றைக்கே அவரையும் சேலத்துக்காரரையும் போனில் பேசவைத்தேன். இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஒத்துப்போய்விட்டார்கள்.

தோளைப் பற்றி ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தசைப் பிடிப்பு தளர்ந்த மூட்டு இறங்கிவிடும், பிறகு வலியில் கையைத் தொடவே விடமாட்டார்கள், பயிற்சி அத்தோடு நிற்கும். நலம் விசாரிக்க வரும் உறவினர்கள்தான் இதில் கில்லாடிகள். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வாங்கிவந்து உருவிவிட்ட பெரியவர் ஒருவரும் இருந்தார். எண்ணெய் தேய்க்கலாமா என்று பிசியோவிடம் கேட்டேன். “தாராளமா தேய்க்கட்டும், இழுத்து நெட்டி மட்டும் எடுக்க வேணாம்” என்றார். பெரியவருக்குப் பாதி வெற்றி. அதேபோல, திடீரென்று முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ புதிதாக ஒரு பக்கம் விழுந்தாலோ பிசியோவுக்குப் போன் போடக்கூடாது, 108-க்குத்தான் போட வேண்டும். மனச்சோர்வையும் விட்டுவிடக்கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது, அழுதுகொண்டே இருப்பவரிடம் கொட்டை எண்ணச் சொல்லிப் பயனில்லை. எங்களுக்கும் ஒரு சில வாரம் அப்படிப் போனது. மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார், பயிற்சியும் பாதியாயிற்று.

பெரும்பாலான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வந்துவிடும், அப்புறம் வராது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அப்படியே உண்மையில்லை. லண்டனில் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி தருகிறார்கள். வருகிறவர்களில் நிறையப் பேர் பக்கவாதம் வந்து ஒரு வருடம் தாண்டியவர்கள், அவர்களுக்கும் கை முன்னேறியிருக்கிறது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

அத்தைக்கு இப்போது எது வரும், எது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் போல ஆகிவிடும். கழிப்பறைக்குப் பெரும்பாலும் தனியாகப் போய்வருகிறார், ராத்திரிச் சாப்பாடு பழைய அளவுக்கு வந்துவிட்டது. புளியம்பழத்தை இடது கை கல்லின்மேல் பிடிக்கும், ஆனால் புரட்டாது. அதனால் சுத்தியல் கொடுப்பதில்லை, ஓடு நீக்கி நார் எடுக்கும் வேலை மட்டும். பால் கறக்க வராது, வரும் என்று பிசியோவும் சொல்லவில்லை. கொண்டை போடுவதில் கை தலைக்கு எட்டுகிறது, முடிச்சு நழுவுகிறது. ரவிக்கைக் கொக்கிதான் இப்போதைய தகராறு. டெய்லர் கொக்கிக்குப் பதில் ஒட்டும் பட்டை தைத்துத் தருகிறேன் என்கிறார், பிசியோவும் நல்ல யோசனை என்கிறார். “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஷூவுல வர்றதையா என் ரவிக்கையில வைக்கறது?” என்று அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய கொக்கியாக வைத்துப் பார்க்கலாம் என்று வியாழக்கிழமை அழைப்பில் பேச இருக்கிறோம், சிக்னல் இருந்தால்.